தட்டையாகப் பேசினால் சீனத்தில் அம்மாவைக் கூப்பிட முடியுமா?

ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சுருதியில் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்போம். சீன மொழியில் ஒரு சொல்லின் பொருளே ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது என்பதையும் கேள்விப்பட்டிருப்போம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவுடன் ஒரு சந்தேகம் வருகிறது. அப்படியானால் சீனாவில் பிறந்த ஆட்டிசக் குழந்தை எப்படித்தான் பேசும்? ஒரே சுருதியில் பேசினால் சொல்லெல்லாம் குழம்பிப் போகாதா?

நல்ல சந்தேகம்தான். அதற்குள் இரண்டு தவறான எண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பேச்சில் சுருதி என்பது ஒரே ஒரு வேலையைச் செய்கிறது என்பது. இன்னொன்று, ஆட்டிசம் உள்ளவர்களின் பேச்சு உண்மையிலேயே தட்டையானது என்பது. சீனம் பேசுபவர்களை வைத்து நடந்த ஆய்வுகள் இந்த இரண்டையுமே அசைத்துவிட்டன.

முதலில் சீனத்தின் கணக்கு. சீனாவின் பொது மொழியான மண்டரினில் நான்கு தொனிகள், அப்புறம் அழுத்தமே இல்லாத மெல்லிய தொனி ஒன்று. 'மா' என்ற அசையை உயரத்தில் நீட்டிச் சொன்னால் அம்மா. கீழிருந்து மேலே ஏற்றினால் சணல். தாழ்த்திப் பிறகு லேசாக எழுப்பினால் குதிரை. மேலிருந்து சட்டென்று இறக்கினால் திட்டுவது. பாடப்புத்தகங்களில் எப்போதும் வரும் உதாரணம் இது. இதைவிடப் பயனுள்ளது 'மாய்': தாழ்த்தி எழுப்பினால் வாங்குவது, சட்டென்று இறக்கினால் விற்பது. சந்தையில் இந்த இரண்டும் மாறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 'ஷுய்ஜியாவ்' என்பதும் அப்படித்தான். ஒரு விதமாகச் சொன்னால் வேகவைத்த கொழுக்கட்டை, இன்னொரு விதமாகச் சொன்னால் தூக்கம். சீனம் கற்கும் வெளிநாட்டவர் உணவகத்தில் ஒரு கிண்ணம் தூக்கம் கேட்கும் நகைச்சுவை இதிலிருந்து வந்ததுதான்.

ஹாங்காங்கிலும் தென்சீனாவிலும் பேசும் கான்டனீஸில் தொனிகள் ஆறு. வியட்நாமியத்தில் ஆறு, தாய் மொழியில் ஐந்து. இந்தியாவிலும் இது இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பஞ்சாபியில் 'கோடா' போன்ற ஒரே ஒலியைத் தாழ்ந்த தொனியில் சொன்னால் குதிரை, சமநிலையில் சொன்னால் சவுக்கு, உயர்ந்த தொனியில் சொன்னால் தொழுநோயாளி. தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றுதான்! மீசோவும் மணிப்புரியும்கூடத் தொனி மொழிகளே.

தமிழ் அப்படி இல்லை. 'வா' என்பதை எந்தச் சுருதியில் சொன்னாலும் அது 'வா'தான், 'போ' ஆகிவிடாது. ஆனால் வாசலில் நிற்கும் விருந்தாளியைப் பார்த்துச் சொல்லும் 'வா'வும், பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்த அன்று பையனைப் பார்த்துச் சொல்லும் 'வா'வும் ஒன்றா? சொல் மாறவில்லை, சொன்னவரின் மனநிலை அதில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டாவது வேலை எல்லா மொழியிலும் உண்டு, சீனத்திலும் உண்டு. சீனர்கள் ஒரே குரல்வளையை வைத்துக்கொண்டு இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்கிறார்கள். சொல்லுக்குச் சொல் தொனி ஒன்று. மொத்த வாக்கியத்துக்கும் மெட்டு ஒன்று.

இதை அழகாகச் சொன்னவர் சீன மொழியியலாளர் யுவென் ரென் சாவோ. குரலின் உயரத்தை ஐந்து படிகளாகப் பிரித்துத் தொனிகளை எழுதிக் காட்டும் முறையை 1930இல் கொண்டுவந்தவர் அவர்தான். மண்டரினின் முதல் தொனி ஐந்தாம் படியிலேயே நிற்கும், நான்காவது ஐந்திலிருந்து ஒன்றுக்கு விழும். சொல்லின் தொனிக்கும் வாக்கிய மெட்டுக்கும் உள்ள உறவை அவர் கடலோடு ஒப்பிட்டார். பெரிய அலையின் முதுகில் சின்னச் சின்ன அலைகள் சவாரி செய்வதுபோல என்றார். பெரிய அலை எழுந்தாலும் விழுந்தாலும் சின்ன அலையின் வடிவம் கலையாது. கேள்வி கேட்கும்போது வாக்கியம் முழுக்கக் குரல் ஒரு படி மேலே போகும், ஆனால் விழ வேண்டிய நான்காவது தொனி அந்த உயரத்திலிருந்தும் விழுந்தே தீரும். மண்டரினில் ஒரு சொல்லை அழுத்த வேண்டுமென்றால் அந்தச் சொல்லின் ஏற்ற இறக்கத்தை அகலமாக்கி, அதற்குப் பின்னால் வருவதை எல்லாம் நசுக்கிவிடுவார்கள். நசுங்கினாலும் தொனிகள் தொனிகளாகவே இருக்கும்.

இப்போது நம் சந்தேகத்துக்குத் திரும்பினால் அது தானாகவே இரண்டாகப் பிளக்கிறது. ஆட்டிசம் தொடுவது சின்ன அலையையா, பெரிய அலையையா?

இதற்கு ஒரு பழைய தடயம் உண்டு. அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி 1943இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் பற்றிய மருத்துவப் பேச்சு பெரிதாகத் தொடங்கியது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் பழக்கத்தை அதில் அவர் விவரிக்கிறார். அம்மா 'இப்போது நான் உனக்குப் பால் தருகிறேன்' என்று சொல்லியிருந்தால், பால் வேண்டும்போது குழந்தையும் 'இப்போது நான் உனக்குப் பால் தருகிறேன்' என்றே சொல்லும். அதில் 'நான்', 'நீ' இடம் மாறிப்போவதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். கானர் கூடவே இன்னொன்றும் கவனித்தார். சொற்கள் மட்டுமல்ல, அம்மாவின் குரலில் இருந்த ஏற்ற இறக்கமும் அப்படியே வருகிறது. அம்மா கேள்வியாகக் கேட்டிருந்தால் கேள்வியின் இழுப்போடு வருகிறது. அதாவது, சுருதியைப் பிடிப்பதிலும் திருப்பித் தருவதிலும் அந்தக் குழந்தைகளின் தொண்டைக்கோ காதுக்கோ ஒரு குறையும் இல்லை.

சீனக் குழந்தைகள் சொல்லின் தொனியைக் கற்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையிலான தைவான் குழந்தைகளைக் கவனித்து 1977இல் வெளியான ஆய்வு ஒன்று, மெய்யெழுத்துகளையும் உயிரெழுத்துகளையும் சரியாக உச்சரிக்கும் முன்பே அவர்கள் தொனியைப் பிடித்துவிடுகிறார்கள் என்றது. தொனி என்பது சொல்லோடு ஒட்டிப் பிறந்தது. நமக்கு 'பல்'லும் 'பால்'லும் வேறு வேறு என்று யாரும் விதி சொல்லித் தரவில்லை. குறிலையும் நெடிலையும் சொல்லோடு சேர்த்தே கற்றோம். ஆட்டிசம் உள்ள தமிழ்க் குழந்தை தட்டையாகப் பேசினாலும் 'பால்' கேட்கும்போது 'பல்' என்று சொல்வதில்லை. சீனக் குழந்தைக்குத் தொனியும் அப்படித்தான், அது அகராதிச் சரக்கு.

வாக்கிய மெட்டு அகராதியில் இல்லை. எதிரே இருப்பவருக்கு எது ஏற்கெனவே தெரியும், எது புதிது, அவர் சலித்துப் போயிருக்கிறாரா, நான் கிண்டல் செய்வது புரிய வேண்டுமா, பேச்சை முடித்துவிட்டேனா இன்னும் இருக்கிறதா என்பதையெல்லாம் ஒவ்வொரு நொடியும் கணித்து, அந்தக் கணிப்புக்கு ஏற்பக் குரலை வளைக்க வேண்டும். ஆட்டிசத்தில் சிரமம் வரும் இடம் சரியாக இதுதான்.

மூளையிலும் இந்தப் பிரிவுக்குத் தடயம் இருக்கிறது. வலது அரைக்கோளத்தில் பக்கவாதத்தால் சேதம் ஏற்பட்ட சீன நோயாளிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 1983இல் வந்தது. அவர்களின் பேச்சில் உணர்ச்சியின் ஏற்ற இறக்கம் போயிருந்தது, சொற்களின் தொனியோ பெரும்பாலும் தப்பித்திருந்தது. ஆட்டிசமும் பக்கவாதமும் வேறு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. சுருதி என்று நாம் ஒரே பெயரால் அழைப்பதை மூளை ஒரே இடத்தில் வைத்திருக்கவில்லை என்பதற்கு மட்டும் இது சாட்சி.

சரி, ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். யாரோ ஒருவர் உண்மையிலேயே தொனி எதுவும் இல்லாமல் ஒரே சுருதியில் மண்டரின் பேசுகிறார். புரியுமா? இதைக் கணினியில் செய்தே பார்த்திருக்கிறார்கள். மண்டரின் வாக்கியங்களைப் பதிவுசெய்து, அவற்றின் சுருதியை மட்டும் சமமாகத் தேய்த்துவிட்டு மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். 2010இல் வெளியான முடிவு பலரை ஆச்சரியப்படுத்தியது. அமைதியான அறையில் கேட்டவர்களுக்கு இயல்பான பேச்சு எந்த அளவுக்குப் புரிந்ததோ, தேய்த்த பேச்சும் ஏறக்குறைய அதே அளவுக்குப் புரிந்தது. பின்னணியில் இரைச்சலைக் கலந்தபோதுதான் தேய்த்த பேச்சு தடுமாறியது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து 'ஷுய்ஜியாவ்' கேட்பவருக்குத் தூக்கத்தைக் கொண்டுவர எந்தப் பணியாளரும் கிளம்ப மாட்டார். சூழல் சொல்லிவிடும். சீனர்கள் கிசுகிசுத்தும் பேசிக்கொள்கிறார்கள், கிசுகிசுப்பில் குரல்நாண் அதிர்வே கிடையாது. மண்டரின் பாட்டுகளில் மெட்டு தொனியை மிதித்துக்கொண்டு போகிறது, யாருக்கும் அர்த்தம் கெடுவதில்லை. (கான்டனீஸ் பாடலாசிரியர்கள் இதில் கறார். மெட்டின் ஏற்றத்துக்குத் தொனி பொருந்தும் சொல்லாகப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுவார்கள்.)

இன்னொரு வேடிக்கை. தலைப்பில் கேட்ட கேள்விக்கான பதில் மண்டரினிலேயே இருக்கிறது. அம்மாவைக் குறிக்கும் 'மா' முதல் தொனியில் வருவது. முதல் தொனி என்பதே ஏற்ற இறக்கம் இல்லாத தட்டைத் தொனிதான்!

இது வரைக்கும் முதல் எண்ணத்தின் கதை. இரண்டாவது எண்ணம் இதைவிட வலுவாக வேரூன்றியது. ஆட்டிசம் என்றால் இயந்திர மனிதக் குரல் என்று திரைப்படங்களும் தொடர்களும் பதியவைத்துவிட்டன. 1944இல் வியன்னாவில் எழுதிய ஹான்ஸ் ஆஸ்பெர்கரே இதைவிட நுட்பமாகக் கேட்டிருந்தார். சிலரது குரல் எங்கோ தூரத்தில் இருப்பதுபோல மென்மையாக இருக்கும், சிலரது குரல் காதைத் துளைக்கும், சிலர் ராகம் இழுத்துக்கொண்டே போவார்கள், வாக்கியம் முடிந்தாலும் குரல் இறங்காது என்று விதவிதமாகக் குறித்துவைத்தார். இவற்றுக்குப் பொதுவானது தட்டை என்பதில்லை, கேட்பவருக்கு இயல்பாகத் தோன்றவில்லை என்பதுதான்.

கருவி வைத்து அளக்கத் தொடங்கியதும் விஷயம் தலைகீழானது. ஹரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு 2010இல் வெளியானது. ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் பேச்சில் சுருதியின் வீச்சு மற்றவர்களைவிடக் குறைவாக இல்லை, அதிகமாக இருந்தது. கைக்குழந்தையைக் கொஞ்சும் அம்மாவின் குரலில் இருக்கும் மிகையான ஏற்ற இறக்கத்தை அது ஒத்திருந்தது என்றார்கள். எபிரேயம் பேசும் குழந்தைகளிடம் 2011இல் வந்த முடிவும் அதுவே. அதுவரை வந்த அளவீடுகளை எல்லாம் ஒன்றாகத் திரட்டி 2017இல் வெளியான பகுப்பாய்வும், சராசரியாகப் பார்த்தால் ஆட்டிசம் உள்ளவர்களின் சுருதி வீச்சு அகலமானது என்றே சொன்னது. குரலை மட்டும் வைத்து ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று சொல்லிவிட முடியாது என்றும் சேர்த்தே சொன்னது.

அப்படியானால் நம் காதுக்கு ஏன் தட்டையாகக் கேட்கிறது? எனக்குத் தோன்றும் சரியான ஒப்புமை வாய்ப்பாடு. 'ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு' என்று வகுப்பே கத்துவதை நினைத்துப் பாருங்கள். அதில் சுருதி தாராளமாக ஏறுகிறது, இறங்குகிறது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்குகிறது. நாம் அதைப் பாட்டு என்பதில்லை, 'ஒப்பிக்கிறான்' என்கிறோம். எபிரேயம் பேசும் ஆட்டிசக் குழந்தைகளின் பேச்சைக் கூர்ந்து ஆராய்ந்த 2009ஆம் ஆண்டு ஆய்வு இதைத்தான் கண்டது. ஏற்ற இறக்கம் இருந்தது, ஆனால் கையிலிருந்த மெட்டுகள் சொற்பம், அவையே திரும்பத் திரும்ப வந்தன. காதுக்குச் செய்தி எதுவும் தராத அசைவை மனது அசைவாகவே கணக்கில் எடுப்பதில்லை.

தொனி மொழியில் என்ன? ஹாங்காங்கில் கான்டனீஸ் பேசும் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் 19 பேரையும் ஆட்டிசம் இல்லாத 19 பேரையும் கதை சொல்லச் சொல்லிப் பதிவுசெய்த ஆய்வு 2016இல் வந்தது. அங்கும் ஆட்டிசம் உள்ளவர்களின் சுருதிதான் அதிகம் அலைந்தது. தொனி மொழி பேசுவதால் சிக்கல் மறைந்துவிடவில்லை, ஆனால் நாம் பயந்தபடி 'தட்டை'யும் இல்லை.

காது எப்படிக் கேட்கிறது என்ற பக்கம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் கணிசமானோருக்குச் சுருதி உணர்வு அபாரமாக இருக்கும் என்பது இசை ஆய்வுகளில் முன்பே தெரிந்ததுதான். தனித்தனிச் சுரங்களை நினைவில் வைப்பதிலும் நுண்ணிய வேறுபாட்டைப் பிடிப்பதிலும் அவர்கள் மற்றவர்களை முந்துகிறார்கள். மண்டரின் பேசுபவர்களிடம் நடத்திய 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், இசைத் துணுக்கின் மெட்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று அடையாளம் காணும் சோதனையில் ஆட்டிசம் உள்ளவர்களே சிறந்தார்கள். அதே ஆட்களிடம் பேச்சைக் கொடுத்து, இது கேள்வியா செய்தியா என்று கேட்டபோது பின்தங்கினார்கள். அதே ஆண்டு, மண்டரின் பேசும் ஆட்டிசக் குழந்தைகளின் மூளை அலைகளை அளந்த இன்னொரு ஆய்வு. வெறும் ஒலியின் சுருதி மாறினால் அவர்களின் மூளை மற்றக் குழந்தைகளைவிடப் பலமாகத் துள்ளியது. சொல்லின் தொனி மாறினால் துள்ளல் குறைந்தது.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. தொனியைச் சொல்லாகக் கேட்பதென்றால் பாதியைக் கேட்காமல் விட வேண்டும். உங்கள் 'ழ'வும் என் 'ழ'வும் ஒன்றாக இருக்காது, நம் காது அந்த வேறுபாட்டைத் தூக்கி எறிந்துவிட்டு 'இது ழ' என்று பெட்டியில் போடுகிறது. மண்டரின் பேசுபவரும் ஏறுதொனியின் நூறு சாயல்களை ஒரே பெட்டியில் போட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இந்தப் பெட்டிகளின் விளிம்பு அவ்வளவு கூர்மையாக இல்லை என்று 2017ஆம் ஆண்டு மண்டரின் ஆய்வு ஒன்று காட்டியது. அதுவும் பேச்சுக்கு மட்டும்தான், பேச்சில்லாத ஒலியில் அவர்கள் மற்றவர்களைப் போலத்தான். ஆகவே முன்பு 'அகராதிச் சரக்கு' என்று நான் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் தேவை. சரக்கு கிடைக்கிறது, ஆனால் அதை அடுக்கும் விதம் கொஞ்சம் வேறு. பேசும்போது வாங்குவதும் விற்பதும் குழம்புவதில்லை. வேகமான, இரைச்சலான பேச்சைக் கேட்கும்போது அவர்களுக்குக் கூடுதல் உழைப்பு தேவைப்படலாம்.

2022இல் ஆங்கிலத்தையும் கான்டனீஸையும் ஒன்றாக வைத்துக் கணினிக் கற்றல் முறையில் பார்த்தார்கள். ஒருவர் பேச்சைக் கொடுத்தால் அவருக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று இயந்திரம் பிரிக்க வேண்டும். தாளத்தை, அதாவது அசைகளுக்கு இடையிலான நேரக் கணக்கைக் கொடுத்தபோது இரண்டு மொழியிலும் பிரிக்க முடிந்தது. மெட்டைக் கொடுத்தபோது ஆங்கிலத்தில் முடிந்தது, கான்டனீஸில் முடியவில்லை. சொல்லின் தொனி ஏற்கெனவே சுருதியை ஆக்கிரமித்திருப்பதால் வாக்கிய மெட்டுக்கு அங்கே இடம் குறைவு என்பது ஒரு விளக்கம். தொனி மொழிக் குழந்தைகளுக்குச் சுருதியில் சிறுவயதிலிருந்தே கிடைக்கும் பயிற்சியும் காரணமாக இருக்கலாம். எப்படியிருந்தாலும், ஏற்ற இறக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்த நம் கண்ணுக்குத் தப்பியது தாளம்.

கான்டனீஸில் இட நெருக்கடி உண்மையிலேயே கடுமை. கேள்விக்காக வாக்கியக் கடைசியில் குரலை ஏற்றினால், கடைசிச் சொல்லின் தொனி எதுவாக இருந்தாலும் அது ஏறுதொனிபோல ஆகிவிடுகிறது. அங்கே சின்ன அலையைப் பெரிய அலை விழுங்கிவிடுகிறது, கேட்பவரும் சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்கிறார். இதைச் சமாளிக்க அந்த மொழி வைத்திருக்கும் வழி வாக்கியக் கடைசியில் ஒட்டும் குட்டிக் குட்டி இடைச்சொற்கள். சந்தேகம், நினைவூட்டல், சலிப்பு, கெஞ்சல் எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று. நமக்கு இது புதிதில்லை. 'வந்தான்', 'வந்தானா', 'வந்தானே', 'வந்தானோ', 'வந்தான்ல' என்ற ஐந்தையும் ஒரே சுருதியில் சொல்லிப் பாருங்கள். யாருக்கும் குழப்பம் வராது. குரல் செய்ய வேண்டிய பாதி வேலையை ஒரு எழுத்து செய்துவிடுகிறது.

நோயறிதலில் இது நேரடியாக வந்து விழுகிறது. சீனாவில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட முதல் நான்கு குழந்தைகளைப் பற்றி நாஞ்சிங்கின் மனநல மருத்துவர் தாவோ குவோதாய் 1982இல்தான் எழுதினார், கானருக்கு 39 ஆண்டுகள் கழித்து. ஆட்டிசத்தைக் கண்டறிய உலகம் முழுக்கப் பயன்படும் ஏடாஸ் மதிப்பீடு ஆங்கிலச் சூழலில் உருவானது. பேச்சின் சுருதி, ஒலியளவு, தாளம், வேகம் இயல்பாக இருக்கின்றனவா என்று அதில் மதிப்பெண் போட வேண்டும். எது இயல்பு என்பதை மதிப்பிடுபவரின் காதுதான் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் பழகிய காது கான்டனீஸிலும், இந்தியில் பழகிய காது மீசோவிலும் எதை இயல்பு என்று எடுத்துக்கொள்ளும்? ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் ஒன்றைச் சொன்னார். புரிதல் பிசகு ஒரு தரப்பின் குறை கிடையாது, இரு தரப்புக்கும் நடுவில் நிகழ்வது என்றார். குரலில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. கருவி அகலம் என்று அளந்ததைக் காது தட்டை என்றது.

பயிற்சி தரும் இடத்தில் இதைவிடக் கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன். 'கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பேசு' என்பது தமிழ்ப் பையனிடம் சொல்ல ஆபத்தில்லாத அறிவுரை, பயனும் பெரிதாக இல்லாத அறிவுரை. ஏற்ற இறக்கம் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஹாங்காங் பையனிடம் அதையே சொன்னால், அவன் சொல்லுக்குக் கட்டாயமாகச் செய்துகொண்டிருக்கும் ஏற்ற இறக்கத்தில் கைவைக்கிறீர்கள். எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லைக் கொஞ்சம் நீட்ட வேண்டும், வாக்கியக் கடைசியில் எந்த இடைச்சொல்லைப் போட்டால் கிண்டல் கிண்டலாகப் போய்ச் சேரும் என்று காட்டுவது அவனுக்கு உதவும். வேண்டும் என்று அவன் நினைத்தால்.